தூர் வாரலாம், மதகை உடைக்காமல்

திருப்பூரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடும் யூனிட்டுகளில் 1990களின் எந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. அந்தக் காலத்து மாடல்களில் பலவும் டிசைனை 3.5 அங்குல ஃபிளாப்பியில்தான் வாங்கிக்கொள்ளும். சோனி நிறுவனமோ ஃபிளாப்பி விற்பனையை 2011-லேயே நிறுத்திவிட்டது. அதனால் ஃபிளாப்பி செருகும் வாய் இருந்த இடத்தில் அதே அளவில் ஒரு பெட்டியைப் பொருத்திவிடுகிறார்கள். முன்பக்கத்தில் பென்டிரைவுக்கு ஒரு துளை, இரண்டு பொத்தான்கள், எண் காட்டும் சின்னத் திரை, அவ்வளவுதான். செருகிய பென்டிரைவை அந்தப் பெட்டி 00 முதல் 99 வரை நூறு ஃபிளாப்பிகளாகப் பாவிக்கும். பொத்தானை அழுத்தி 37-க்குப் போனால், உள்ளே 37-ஆவது ஃபிளாப்பி சுழல்வதாக எந்திரம் நம்பிக்கொண்டு தைக்கத் தொடங்கும். ஒவ்வொரு ஃபிளாப்பிக்கும் 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 கூறு, கூறுக்கு 512 பைட்டு என்ற பழைய கணக்கை ஒரு பைட்டும் பிசகாமல் அது காப்பாற்றுகிறது. உள்ளே இருந்தது முழுவதும் மாறிவிட்டது. எந்திரத்தோடு பேசும் பேச்சு மட்டும் மாறவில்லை.

கணினியின் இயங்குதளத்துக்குள் இருக்கும் பழைய சேமிப்பு டிரைவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கும் இந்தப் பெட்டியில் பதில் இருக்கிறது. டிரைவர் என்பது, வட்டு, மெமரி கார்டு, ஃபிளாப்பி போன்ற சாதனங்களோடு பேசுவதற்காகவே எழுதப்பட்ட நிரல். உலகின் பெரும்பாலான சர்வர்களையும் எல்லா ஆண்ட்ராய்டு கைபேசிகளையும் இயக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், முப்பது ஆண்டுக்கு முன் எழுதிய டிரைவர்கள் நேற்று எழுதியவற்றோடு ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. பழையவற்றின் தரவுக் கட்டமைப்புகளைத் துப்புரவு செய்யும் வேலையைப் பல ஆண்டுகளாகவே சிலர் பொறுமையாகச் செய்து வருகிறார்கள். புகழ் இல்லாத வேலை. செய்ததால் புதிதாக எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் இது தேவையான வேலை, தள்ளிப்போடக் கூடாத வேலை என்பதே என் கட்சி. பழைய எந்திரங்களை நம்பிப் பிழைக்கும் கொங்கு மண்டலம் இதில் வேடிக்கை பார்க்கும் இடத்தில் நிற்கக் கூடாது என்பதையும் அதோடு சேர்த்தே சொல்கிறேன்.

தரவுக் கட்டமைப்பு என்றதும் மிரள வேண்டியதில்லை. தாலுகா அலுவலகப் பதிவேட்டில் எந்தெந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று கோடு போட்டு வைத்திருப்பார்களே, அதேதான். வட்டிலிருந்து ஏதேனும் படிக்க வேண்டுமென்றால் கெர்னல் ஒரு கட்டளைப் படிவத்தை நிரப்பி டிரைவரிடம் கொடுக்கிறது. ஸ்கசி எனப்படும் சாதனங்களுக்கு 1986-இல் முதல் தரநிர்ணயம் வந்தது. அந்தத் தலைமுறைச் சாதனங்களைக் கணினியோடு இணைத்த அட்டைகளை ஓட்டிய டிரைவர்கள், கம்பியில் பேச்சு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, இன்னும் எத்தனை பைட்டு பாக்கி என்பதையெல்லாம் தாங்களே குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் குறிப்புகளுக்காகப் பொதுப் படிவத்திலேயே ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். பிறகு வந்த அட்டைகள் அந்தக் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொண்டன. ஒதுக்கிய பகுதி மட்டும் போகவில்லை. 64-பிட் கணினியில் ஒவ்வொரு கட்டளைப் படிவத்திலும் சுமார் 60 பைட்டு, ஏதோ சில பழைய அட்டைகளுக்காக, யாரும் எழுதாத வெற்றுக் கட்டமாகக் கிடந்தது. இன்றைய கைபேசிகளில் இருக்கும் யு.எஃப்.எஸ். சேமிப்பும் லினக்ஸுக்குள் ஸ்கசி வழியாகத்தான் பேசுகிறது. ஆக, பொள்ளாச்சியில் ஒருவர் கைபேசியில் பேரக்குழந்தையின் படத்தைத் திறக்கும்போதுகூட, என்றைக்கோ காயலான் கடைக்குப் போன அட்டைக்கான கட்டத்தையும் கைபேசி சுமந்துகொண்டிருந்தது.

2022-இல் வெளியான லினக்ஸ் 5.18-இல் அந்தப் பகுதியை எடுத்தார்கள். பார்ட் வான் அசே என்ற பொறியாளர் சில பத்துத் திருத்தங்களாகப் பிரித்துச் செய்த வேலை இது. அவர் செய்த விதம்தான் கவனிக்க வேண்டியது. பழைய டிரைவர்களைத் தூக்கி எறியவில்லை. தேவைப்படும் டிரைவர் தனக்கான குறிப்பேட்டைத் தானே வைத்துக்கொள்ளும்படி, ஒவ்வொரு பழைய டிரைவரையும் தனித்தனியாகத் திருத்தினார். கடைசி டிரைவரும் பொதுப் படிவத்தை விட்டு விலகிய பிறகே அந்தக் கட்டங்களை அழித்தார். பழைய அட்டை வைத்திருந்தவருக்கு இழப்பில்லை. மற்ற அத்தனை பேருக்கும் சுமை குறைந்தது.

அறுபது பைட்டு ஒரு பொருட்டா என்று கேட்கலாம். நினைவகம் மலிந்த காலத்தில் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பழைய கட்டமைப்பின் உண்மையான விலை இடத்தில் இல்லை, குழப்பத்தில் இருக்கிறது. ஃபிளாப்பி டிரைவரையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய நிரல் அது. அதற்குள் டி.ஆர்.எஸ். என்று ஒரு சுருக்கெழுத்து, யு.டி.ஆர்.எஸ். என்று இன்னொன்று. முதலாவது, இப்போது வேலையில் இருக்கும் டிரைவின் நிலை. இரண்டாவது, அழைத்தவர் குறிப்பிட்ட டிரைவின் நிலை. எந்த டிரைவ் என்பது சுருக்கெழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே தெரிவது ‘யு’ என்ற ஒற்றை எழுத்து. எழுதியவருக்கு அது வசதி. இருபத்தைந்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அது கண்கட்டு வித்தை. ஓர் எழுத்து விட்டுப்போனால் ஒரு டிரைவின் கணக்கு இன்னொரு டிரைவில் ஏறிவிடும். 2020-இல் பிரான்ஸைச் சேர்ந்த வில்லி தாரோ இந்தச் சுருக்கெழுத்துகளை ஒவ்வொன்றாக விரித்து எழுதி, எந்த டிரைவ் என்பதை வெளிப்படையாகக் கையில் கொடுக்கும்படி மாற்றினார். ஃபிளாப்பி முன்பு படித்ததையே இப்போதும் படிக்கிறது. ஆனால் நிரலை மனிதர்கள் இப்போது படிக்க முடிகிறது.

படிக்க முடியாத நிரல் பழுதை மறைக்கும். 2019-இல் இதே டிரைவரில் வெளிவந்த பழுதுகளில் ஒன்று இது: கணினியில் சிறப்பு அனுமதி எதுவும் இல்லாத ஒருவர், தடத்துக்கு எத்தனை கூறு என்ற கட்டம் பூஜ்யமாக முடியும்படி எண்களைக் கொடுத்துவிட்டு, ஃபார்மேட் செய்யச் சொல்லலாம். கெர்னல் பூஜ்யத்தால் வகுக்கப் போய் விழும். இதற்கு ஃபிளாப்பியைச் செருகக்கூடத் தேவையில்லை. இதைவிடப் பெரியது 2015 மே மாதம் ‘வெனம்’ என்ற பெயரில் வெளிவந்தது. மேகக் கணினி நிறுவனங்கள் ஒரே பெரிய சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுகின்றன. அந்த மெய்நிகர் கணினிக்குள் பழக்கத்தின் காரணமாக ஒரு பொய் ஃபிளாப்பி கட்டுப்பாட்டகத்தையும் வைத்திருந்தார்கள். 512 பைட்டு கொள்ளும் அதன் தொட்டி, சில கட்டளைகளுக்குப் பிறகு காலியானதாகக் கணக்கில் ஏறாமல் நிரம்பி வழிந்தது. அந்த வழிசல் மூலம் ஒரு வாடிக்கையாளரின் கணினிக்குள்ளிருந்து சர்வருக்கே ஏறிக் குதிக்க வழி இருந்தது. அந்த நிரல் 2004-ஆம் ஆண்டு எழுதியது. ஃபிளாப்பியே வேண்டாம் என்று நிர்வாகி அணைத்து வைத்திருந்தாலும், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் க்யூ.இ.எம்.யு., ஸென் ஆகிய நிரல்களில் வேறொரு பழுதின் காரணமாக அந்தப் பகுதி உயிரோடே இருந்தது. பதினோரு ஆண்டு யாரும் எட்டிப் பார்க்காத மூலையில்தான் பாம்பு குடியிருந்தது.

இதற்கு நம் ஊர்ப் பட்டறைகளில் உடனே வரும் மறுப்பு, ‘ஓடுற மெஷின்ல கை வைக்காதீங்க’ என்பது. இந்த மறுப்பைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கோவையில் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைக்கு எந்திரம் ஒரு ஷிப்டு நின்றாலே டெலிவரி தவறும். ஆனால் இந்த விதி தனித்து நிற்கும் லேத்துக்குப் பொருந்தும்; கெர்னலுக்குள் இருக்கும் டிரைவருக்குப் பொருந்தாது. டிரைவரை நீங்கள் தொடாவிட்டாலும் அதைச் சுற்றியுள்ள தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. முன்பு வட்டுக்கான வேண்டுகோள்கள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. ரேஷன் கடையில் ஒரே ஜன்னல் போல. சுழலும் வட்டுக்கு அது போதும். பல கோர் செயலிகளும் எஸ்.எஸ்.டி.யும் வந்ததும் அந்த ஒற்றை ஜன்னலிலேயே நெரிசல் ஏற்பட்டது. 2014 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.13-இல் பல வரிசை ஏற்பாடு வந்தது. பழைய ஒற்றை வரிசையை முற்றிலும் அகற்றியது 2019 மார்ச்சில், 5.0 பதிப்பில். இடைப்பட்ட ஐந்து ஆண்டில் ஒவ்வொரு டிரைவரும் புதிய ஏற்பாட்டுக்கு மாறியாக வேண்டியிருந்தது, ஃபிளாப்பி டிரைவர் உட்பட. கை வைக்காமல் விட்டிருந்தால் அது ஓடிக்கொண்டிருந்திருக்காது, வெளியே தள்ளப்பட்டிருக்கும்.

அப்படியானால் பழைய பதிப்பிலேயே நின்றுவிடுகிறேன் என்று சொல்லலாம். நிற்பவர்கள் நிறையப் பேர் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் எத்தனையோ பட்டறைக் கணினிகளில் திரையில் பச்சைப் புல்வெளியைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அது வலையில் இணையாதவரை பாதகமில்லை. ஆனால் ஒரு பென்டிரைவ் உள்ளே போனால் வலையும் உள்ளே போனதாகவே அர்த்தம். 2018 ஆகஸ்ட்டில் தைவானின் சிப் நிறுவனமான டி.எஸ்.எம்.சி.யில், புதிதாக வந்த ஒரு கருவியோடு வைரஸ் நுழைந்து ஆலைகளின் எந்திரங்களை நிறுத்தியது. அது முந்தைய ஆண்டே உலகத்தை உலுக்கிய வானாக்ரையின் ஒரு வகை. திருத்தம் ஏற்காத பழைய கணினிகள்தான் அதற்குச் சோறு. உலகின் மிகப் பெரிய சிப் ஆலைக்கே தப்ப முடியவில்லை.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு குரல் உண்டு: துப்புரவு எதற்கு, மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டுப் போகலாமே? சில நேரம் அதுவே சரி. பழைய ஐ.டி.இ. வட்டு டிரைவர்களுக்குப் பதிலாக லிப்-ஏ.டி.ஏ. என்ற புதிய ஏற்பாடு வந்து வேரூன்றிய பிறகு, பழையதை 2021-இல் 5.14 பதிப்பில் நீக்கினார்கள். சுமார் 40 ஆயிரம் வரிகள் போயின; அழுதவர் யாருமில்லை. ரெய்சர் எஃப்.எஸ். கோப்பு முறையைக் கைவிடப் போவதாக 2022-இல் அறிவித்து, பயன்படுத்துவோர் மாற அவகாசம் கொடுத்து, 2025 தொடக்கத்தில் வந்த 6.13-இல் எடுத்தார்கள். மாற்று ஒன்று வந்து நிலைத்திருக்க வேண்டும், அல்லது முன்கூட்டியே சொல்லி அவகாசம் தந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ‘இதை யாரும் பயன்படுத்துவதில்லை’ என்ற ஊகத்தில் அகற்றுவது வசதியானவர்களின் பார்வை. கலிபோர்னியாவில் உட்கார்ந்து பார்த்தால் ஃபிளாப்பி அருங்காட்சியகப் பொருள். திருப்பூரின் பெருமாநல்லூர் சாலையில் பார்த்தால் அது நாளைய ஷிப்டு. ஜப்பான் அரசே ஃபிளாப்பியைக் கட்டாயமாக்கிய தன் விதிகளை நீக்கி முடித்தது 2024-இல்தான் என்பதை இங்கே நினைவில் வைப்பது நல்லது.

எனக்குக் கனமாகப் படும் மறுப்பு வேறொன்று. துப்புரவு செய்பவர்களிடம் அந்தப் பழைய சாதனமே இருப்பதில்லை. ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒரு வரியை நகர்த்துவார்கள். கம்பைல் ஆகிவிடும், சாதனம் போல நடிக்கும் எமுலேட்டரிலும் ஓடிவிடும், நிஜ சாதனத்தில் நின்றுவிடும். மோட்டார் சுழலத் தொடங்கிச் சீராகும்வரை காத்திருக்க வேண்டிய அரை நொடியை எமுலேட்டர் அறியாது. இது நடக்கக்கூடியதே, நடந்தும் இருக்கிறது. 2019 ஜூலையில் டோர்வால்ட்ஸ் ஃபிளாப்பி டிரைவரை ‘அனாதை’ என்று பராமரிப்பாளர் பட்டியலில் குறித்ததற்குக் காரணமும் இதுதான்: அதுவரை பார்த்துக்கொண்டவரிடம் வேலை செய்யும் ஃபிளாப்பி சாதனம் இல்லை. டிரைவரை நீக்கப் போவதில்லை, முன்வருபவர் இருந்தால் வரலாம் என்ற நிலையில் அதை விட்டார்கள். பழுதுகளைக் கண்டுபிடித்த டெனிஸ் எஃப்ரெமோவ் சில வாரங்களில் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே மேலே சொன்ன துப்புரவு நடந்தது. ஆகவே இந்த மறுப்பு துப்புரவுக்கு எதிரானதல்ல. சாதனம் வைத்திருப்பவர்கள் ஒதுங்கி நிற்பதற்கு எதிரானது.

கொங்கு நாட்டுக்கு இது புரியாத சங்கதி அல்ல. பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம் வரை ஓடும் காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. இன்றும் வயலுக்குத் தண்ணீர் தருகிறது. பழையது என்பதற்காக அதை மூடச் சொல்பவரும் இல்லை, பழையது என்பதற்காகத் தூர் வாராமல் விடச் சொல்பவரும் இல்லை. குளமோ வாய்க்காலோ, உள்ளே மண்டிய வண்டலை எடுக்கலாம், கரையைப் பலப்படுத்தலாம், சரிந்த கல்லை மாற்றிக் கட்டலாம். மதகு இருக்கும் இடத்தையும் அதன் மட்டத்தையும் மட்டும் மாற்றக் கூடாது. மதகை நம்பித்தான் ஆயக்கட்டு நடவு செய்கிறது. கெர்னலிலும் டோர்வால்ட்ஸ் விடாமல் பிடித்துவரும் விதி இதுவே: உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றுங்கள், பயனரின் நிரல் நேற்று ஓடியது இன்று நிற்கக் கூடாது. படிவத்தின் உள்கட்டங்கள் வண்டல், பயனர் நிரலோடு பேசும் இடம் மதகு. நல்ல துப்புரவையும் கெட்ட துப்புரவையும் இந்த ஒரு கோட்டை வைத்தே பிரித்துவிடலாம்.

தூர் வாரும் வேலை யாருடையது என்பதற்கும் நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: குடிமராமத்து. தண்ணீர் பெறுபவனே மண்வெட்டியோடு வர வேண்டும். வராதவனை வரவைக்க ஆங்கிலேயர் 1858-இல் சட்டமே போட்டார்கள். அது கட்டாய உழைப்பாகத் திரிந்தது வேறு கதை. தமிழக அரசு 2017-இல் அந்தப் பெயரை மீண்டும் எடுத்தபோது, வேலை ஒப்பந்ததாரர் கைக்குப் போய்விட்டது என்ற புகாரும் வந்தது. நடைமுறை எப்படித் திரிந்தாலும் கொள்கை சரியானது. கெர்னல் என்ற குளத்தின் ஆயக்கட்டுதாரர்களில் நாமும் இருக்கிறோம். தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, மராமத்தை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் சிலர் தலையில் கட்டிவிட்டு, ஒருநாள் மதகு அடைபட்டால் புலம்புவதில் நியாயம் இல்லை.

எங்கள் எந்திரத்துக்குள் ஓடுவது லினக்ஸே அல்லவே என்று தொழில்முனைவோர் கேட்பார்கள். பல இடங்களில் அது உண்மை. ஜப்பானிய, ஜெர்மானிய கட்டுப்பாட்டகங்களுக்குள் இருப்பது அந்தந்த நிறுவனத்தின் சொந்த நிரல். அதை யாரும் நமக்குத் திறந்து காட்டப் போவதில்லை. ஆனால் எந்திரத்தின் வாய்க்குத் தீனி கொடுக்கும் கணினி நம்முடையது. டிசைனும் சி.என்.சி. புரோகிராமும் சேர்த்து வைத்திருக்கும் சர்வர் நம்முடையது. கட்டுப்பாட்டகம் செத்துப்போன பழைய மில்லிங் எந்திரத்துக்கு லினக்ஸ் சி.என்.சி. என்ற நிரலைப் போட்டு உயிர் கொடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இனி வாங்கப் போகும் எந்திரங்களுக்குள் லினக்ஸ் இருக்கும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகிறது. இன்று வாங்குவதை நாம் பதினைந்து ஆண்டு ஓட்டுவோம். அதற்குள் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி வந்துவிடும். 1970 முதல் நொடிகளை 32-பிட் கட்டத்தில் எண்ணிவந்த பழைய கட்டமைப்புகள் அந்த நொடியோடு நிரம்பிவிடும். ஒவ்வொரு கோப்பின் விவரத்துக்கும் 128 பைட்டு மட்டும் ஒதுக்கிய பழைய எக்ஸ்ட்-3 வட்டுகளும் அதில் அடக்கம். பழைய படிவம் யாரோ ஒருவரின் தலைவலி என்று நினைப்பவர்கள் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளலாம்.

இந்த மராமத்துக்குத் தேவையானவை கோவையில் இருக்கின்றன, தனித்தனி இடங்களில். பழைய சாதனம் பட்டறைகளின் பரணிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கிடக்கிறது. சி நிரல்மொழி கற்ற மாணவர்கள் பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி. தொடங்கி ஈரோடு, பெருந்துறை வரை ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். பம்பையும் மோட்டாரையும் சோதித்துப் பார்க்க இந்த ஊர் சிட்டார்க் என்ற சோதனை மையத்தை வைத்துக்கொண்டது. நூற்பாலைகளுக்காக சிட்ரா என்ற ஆராய்ச்சி நிலையத்தை வைத்துக்கொண்டது. பழைய சேமிப்புச் சாதனங்களைச் சோதிக்க அப்படி ஒரு மேஜை போதும், கட்டடம்கூட வேண்டாம். ஐந்தாறு பழைய கணினிகள், நிஜ ஃபிளாப்பி டிரைவ்கள், ஸ்கசி அட்டைகள், பேரலல் போர்ட் உள்ள மதர்போர்டுகள். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதை இவற்றில் ஏற்றி, ஓடுகிறதா இல்லையா என்று எழுதி அனுப்ப வேண்டும். சாதனம் கையில் உள்ளவர் ‘இதைச் சோதித்தேன், ஓடுகிறது’ என்று அனுப்பும் ஒரு வரிக்கு, சாதனம் இல்லாத நூறு பேரின் கருத்தைவிடக் கெர்னல் உலகில் மதிப்பு அதிகம். கொடிசியா போன்ற தொழில் அமைப்புகள் இடம் தரலாம், கல்லூரிகள் கை தரலாம். செலவு ஒரு கல்லூரி ஆண்டுவிழாவின் மேடை அலங்காரத்தைவிடக் குறைவு.

கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியல் யாரும் திறந்து பார்க்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு டிரைவருக்கும் எதிரே அதைப் பார்த்துக்கொள்பவரின் பெயரும், நிலை என்ன என்ற ஒரு சொல்லும் இருக்கும். ‘அனாதை’ என்று பொருள்படும் ‘ஆர்ஃபன்’ (Orphan) என்ற சொல்லைப் போட்டுத் தேடுங்கள். வரும் பெயர்களில் உங்கள் பட்டறைப் பரணில் கிடக்கும் சாதனம் எது என்று பாருங்கள்.